சத்தம் ஆதாரமாகாது

ஒரு சின்னக் கண்ணாடிச் சீசாவுக்குள் நொய்யரிசி குலுங்குகிற மாதிரி ஒரு சத்தம். நாற்பது வருடத்துக்கு முந்தைய சத்தம். வெள்ளைக் கோட்டுப் போட்ட யாராவது நடைபாதையில் வேகமாக நடந்தால் இன்னும் கேட்கிறது. இப்போது நம்மைத் தாண்டிப் போனாளே அந்த சிஸ்டர், அவள் பையில் பேனாவும் டார்ச் விளக்கும்தான் இருந்திருக்கும். எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டது.

திறக்காதீர்கள், திறக்காதீர்கள். கண்ணை மூடியே வைத்திருங்கள். சொட்டு மருந்து வழிந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து விடுவார்கள். எனக்கு இன்று அப்படி ஆகிவிட்டது. பேசுவதற்குக் கண் வேண்டியதில்லை. உங்கள் மகள் காபி வாங்கிக்கொண்டு வரும்வரை பேசிக்கொண்டிருக்கலாம். தொந்தரவாக இருந்தால் சொல்லிவிடுங்கள். முகத்துக்கு நேரே சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டீர்கள். சிஸ்டரும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கூட ஆள் இல்லாமல் ஆபரேஷனுக்கு உள்ளே விடமாட்டார்களாம். "யாராவது இருப்பாங்கல்லம்மா, யோசிச்சுச் சொல்லுங்க" என்கிறாள். யோசிக்காமலா இருக்கிறேன். என் தொழிலே யோசிப்பதுதான்.

தம்பி இருக்கிறான், கோயம்புத்தூரில். அவன் மனைவி தவறிப்போன பிறகு ஒருநாள் போனில், "அக்கா, நீ இங்கேயே வந்து எங்கூட இரேன்" என்றான். எதை வைத்துக் கூப்பிடுகிறாய், சமையலுக்கு ஆள் இல்லை என்றா, நிஜமாகவே நான் வேண்டும் என்றா என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே? அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு கூப்பிடவில்லை. பதில் இல்லாதவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

இந்த வயதில் கண்ணை எதற்குச் சரி செய்கிறேன் என்றால், ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு பக்கம். ஒருத்தியைப் பற்றி. ஜெசிந்தா மச்சாடோ என்று பெயர். மீன் ஆராய்ச்சி செய்தவள். அவள் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுகிறார்களாம். புத்தகத்தின் முகப்பில் போட நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். பல மாதமாக எழுதுகிறேன். காகிதம் வெள்ளையாகவே இருக்கிறது. புரை விழுந்த கண்ணுக்கு எழுதியதும் வெள்ளையாகத்தான் தெரியும் என்பீர்கள். அது ஒரு காரணம். அது மட்டும் காரணமில்லை.

தன் கட்டுரையின் நன்றியில் என் பெயரைப் போடாமல் விட்டவளைப் பற்றி நான் என்ன எழுதுவது, சொல்லுங்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். என் பெயர் பிரமநாயகி. பிரமு என்பார்கள், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். விலங்கியல் படித்தேன். அது போதாமல் ஆங்கில இலக்கியமும் படித்தேன். இரண்டையும் படித்தவளுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று எல்லோரும் கேட்டார்கள். கிழக்குக் கடற்கரையில் ஒரு மீன் ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்தது. நிலையத்தின் பெயர் வேண்டாம். அங்கே விஞ்ஞானிகள் எழுதுகிற கட்டுரைகளை வெளியே அனுப்புவதற்கு முன் திருத்திக் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தைத் திருத்தத்தான் என்னை எடுத்தார்கள். உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, ஆங்கிலம் அவ்வளவு மோசமில்லை. யோசனைதான் மோசம்.

ஒரு சொல் சொல்கிறேன். 'அதனால்.' இதைப் போல ஆபத்தான சொல் எந்த மொழியிலும் கிடையாது. மழை பெய்தது, பிறகு மீன் வந்தது என்று ஒருவர் கடலில் பார்த்திருப்பார். மேசைக்கு வந்து எழுதும்போது மழை பெய்தது, அதனால் மீன் வந்தது என்று எழுதுவார். 'பிறகு' எந்த இடத்தில் 'அதனால்' ஆனது என்று அவருக்கே தெரியாது. நான் கண்டுபிடிப்பேன். அந்த ஒரு சொல்லைப் பிடிப்பதற்காக எனக்கு இருபத்தாறு வருடம் சம்பளம் கொடுத்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

என்னிடம் மூன்று கேள்வி இருந்தது. எந்த வாக்கியம் வந்தாலும் அந்த மூன்றையும் தாண்டித்தான் போக வேண்டும். இதை யார் பார்த்தது? எங்கெல்லாம் பார்த்தது? வேறென்ன? மூன்றாவதுதான் முக்கியம். நீ சொல்கிற காரணத்தைத் தவிர வேறென்ன காரணம் இருக்கலாம்? சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் 'வேறென்ன?' என்று மட்டும் எழுதுவேன். நிலையத்தில் எனக்கு அதுவே பெயராகிவிட்டது. 'வேறென்னம்மா இன்னைக்கு லீவா?' என்று கேட்பார்கள். கேன்டீன் மாசானம் இருந்தாரே, அவர் வாய் சும்மா இருக்காது. வடைத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொல்வார்: "வடை சூடா இருக்கு மேடம். பார்த்தது நானு. பார்த்த இடம் அடுப்பு. வேற காரணம் ஒண்ணும் இல்ல." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு அவரவர் மேசைக்கு அவரவர் போய்விடுவார்கள். என் மேசை மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில். பக்கத்து நாற்காலியில் அகராதி இருந்தது.

ஜெசிந்தா அந்த அகராதியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அப்படித்தான் அவளை எனக்குத் தெரியும்.

பரதவர் வீட்டுப் பெண். நிலையத்திலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் அவள் ஊர். அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். அந்த ஊரில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான், ஆண்களையும் சேர்த்து. காரல் மீனைப் பற்றி ஆராய்ச்சி. காரல் தெரியுமா? காசு மாதிரி வெள்ளையாக, மெலிசாக இருக்கும். முள் அதிகம். குழம்பு வைத்தால் ருசி. ஏழைகள் மீன். பெரிய விஞ்ஞானிகள் அதை எடுக்க மாட்டார்கள். அவர்களுக்கு இறால் வேண்டும்.

மீனின் தலைக்குள், காதில், ஒரு சின்னக் கல் இருக்கும். மரத்தை அறுத்தால் தெரிகிற வட்டம் போல அந்தக் கல்லிலும் வளையம் இருக்கும். அதை வைத்து மீனின் வயதைச் சொல்லலாம். ஜெசிந்தா காலையில் மீன் ஏலம் போடுகிற இடத்துக்குப் போய்க் காரல் வாங்குவாள், தலையை அறுத்துக் கல்லை எடுப்பாள், கழுவிக் காயவைப்பாள், காலியான பென்சிலின் மருந்துச் சீசாக்களில் போட்டு வைப்பாள். எந்நேரமும் கோட்டுப் பையில் ஒரு சீசா இருக்கும். அவள் படியேறினால் சத்தம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவாள். நான் தலையை நிமிர்த்தாமலே "வா ஜெசிந்தா" என்பேன்.

ஓர் ஆனி மாதம். அவள் கட்டுரையைக் கொண்டுவந்தாள். அவள் ஊர்ப் பக்கம் ஓர் ஆலை வந்திருந்தது. கழிவுநீரைக் குழாய் போட்டுக் கடலில் விட்டார்கள். காரல் குறைந்துவிட்டது. மாசியில் சென்னையில் ஒரு விசாரணைக் குழு உட்காரப் போகிறது, அதற்குள் கட்டுரை தயாராக வேண்டும். ஊரே காத்திருந்தது. கட்டுரையின் முதல் வாக்கியம், ஆங்கிலத்தில்தான், நான் தமிழில் சொல்கிறேன்: 'ஆலைக் கழிவுநீரால் இக்கடற்பகுதியில் காரல் மீன் அழிந்துவிட்டது.'

நான் ஓரத்தில் எழுதினேன். என்ன எழுதினேன் என்று உங்களுக்கே தெரியும்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள்.

"எங்கப்பா வலையில காரல் விழுந்து மூணு மாசமாச்சு. யார் பார்த்தது? நான் பார்த்தேன். எங்கெல்லாம் பார்த்தது? எங்க வீட்டு அடுப்புல பார்த்தேன். வேறென்னன்னு கேட்டா நான் என்னக்கா சொல்ல?"

"ஆலை வந்த வருசம்தானே சின்னக் கண்ணு வலையும் வந்துச்சு?" என்றேன். "உங்க ஆளுகளும் வாங்குனாங்களா இல்லையா? குஞ்சையெல்லாம் அரிச்சு எடுத்தா மீன் குறையாதா? வடக்கே, ஆலை இல்லாத பக்கம், குறைஞ்சிருக்கா இல்லையா? நீ போய்ப் பார்த்தியா?"

அவள் பார்த்திருக்கவில்லை.

"யாருக்குக்கா வேலை பார்க்கீங்க நீங்க?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்கலாம், வரவில்லை. நான் சொன்னேன்: "மாசியில ஆலைக்காரன் ஒரு ஆளக் கூட்டிட்டு வருவான். அவன் இதே கேள்வியக் கேப்பான். நான் கேட்டா நீ அழலாம். அவன் கேட்டா நீ அழக்கூடாது."

அவள் கட்டுரையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சீசா குலுங்கிக்கொண்டே படியிறங்கியது. போகட்டும் என்று இருந்தேன். ஒரு வாரம் அந்தச் சத்தம் மேலே வரவில்லை. என் அறையில் மின்விசிறி சத்தம் போடும் என்பதையே அந்த வாரம்தான் கவனித்தேன்.

பிறகு வந்தாள். அகராதியைத் தூக்கிக் கீழே வைத்தாள். "நாளைக்கு வடக்கே போறேன். எந்தெந்த ஊர்ல பார்க்கணும், நீங்களே சொல்லுங்க" என்றாள்.

ஆடியிலிருந்து கார்த்திகை வரை போனாள். விடிவதற்குள் ஜீப்பில் வடக்கே ஒரு ஏலக்கூடம், மறுநாள் தெற்கே ஒரு ஏலக்கூடம். அவள் ஊர்க்காரர்கள் அவளைப் பேசினார்கள். ஊர்ச் சோற்றைத் தின்றுவிட்டு ஊர் வலையில் குற்றம் கண்டுபிடிக்கிறாள் என்றார்கள். அவள் அப்பாவே சில நாள் முகம் கொடுக்கவில்லை என்று சொன்னாள். நான் என்ன சொல்ல முடியும்? எத்தனை மீன் பார்த்தாய் என்று கேட்டேன்.

சாயங்காலம் என் அறைக்கு வந்து கல் பிரிப்பாள். கீழே அவள் அறையில் வெளிச்சம் போதாது என்பாள். கீழேதான் நிலையத்திலேயே பெரிய ஜன்னல் இருந்தது. ஏன் என் அறைக்கு வந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவில்லை. அது கட்டுரையில் இல்லாத விஷயம்.

அப்படி ஒரு நாள், அவள் இரண்டு சீசாவை என் மேசையில் வைத்தாள். ஒன்று வடக்கு, ஒன்று தெற்கு. தெற்குச் சீசாவை எடுத்துக் குலுக்கினேன். கணீரென்று கேட்டது. வடக்குச் சீசாவைக் குலுக்கினேன். கொஞ்சம் கணீர், கொஞ்சம் மணல் சரிகிற மாதிரி. மறுபடி குலுக்கினேன். எனக்குச் சத்தத்தில் ஒரு பிடிப்பு உண்டு. படிக்கிற காலத்தில் கவிதை எழுதியவள்தான் நானும்.

"ஜெசிந்தா, தெக்குல குஞ்சு மீன் இல்ல" என்றேன்.

"எப்படிச் சொல்லுதீங்க?"

"கேளு. தெக்குல எல்லாம் பெரிய கல்லு. வடக்குல பொடிக்கல்லும் கலந்து கிடக்கு."

அவள் இரண்டையும் காதருகே வைத்துக் கேட்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு, இதற்காகவே மாதக்கணக்கில் காத்திருந்தவள் மாதிரி, விரலை ஆட்டிக்கொண்டு சொன்னாள்:

"சத்தம் ஆதாரமாகாது அக்கா."

அப்படிச் சிரித்தோம். நான் அப்படிச் சிரித்தது அந்த அறையில் அது ஒரு தடவைதான். மாசானம் கீழே இருந்து ஏறிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "மேடம் சிரிக்காங்க. பார்த்தது நானு" என்று கேன்டீனில் சொன்னாராம்.

பிறகு அவள் எண்ணினாள், அளந்தாள், வளையம் பார்த்தாள். என் காதில் கேட்டது சரிதான். மீன் எல்லாப் பக்கமும் குறைந்திருந்தது. அது வலையாக இருக்கலாம், மழையாக இருக்கலாம். ஆனால் குஞ்சு மீன் அறவே இல்லாமல் போனது குழாய் வாய்க்குப் பக்கத்தில் மட்டும்தான். அதே வலைதான் வடக்கிலும். வடக்கில் குஞ்சு இருந்தது.

மார்கழியில் எழுதினோம். எழுதினாள். எத்தனையோ தடவை. 'கணிசமாக' என்று எழுதினால் எவ்வளவு என்று கேட்பேன். 'சந்தேகத்துக்கு இடமின்றி' என்று எழுதினால், சந்தேகப்பட வேண்டியது படிக்கிறவன் உரிமை, நீ ஏன் பிடுங்குகிறாய் என்று சொல்லி அந்தச் சொல்லை அடிப்பேன். அவள் கோபப்படுவதை விட்டுவிட்டாள். ஒரு கட்டத்தில் நான் பென்சிலை எடுப்பதற்குள் அவளே தன் வாக்கியத்தைப் பார்த்து "வேறென்ன?" என்று முனக ஆரம்பித்தாள். கடைசியில் முதல் வாக்கியம் இப்படி நின்றது: 'குழாய் வாயிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள், ஆடி முதல் கார்த்திகை வரை, ஒரு வயதுக்குக் குறைந்த காரல் எங்களுக்குக் கிடைக்கவில்லை, வடக்கே, அதே வலையில், கிடைத்தது.'

எவ்வளவு சின்ன வாக்கியம் பாருங்கள். 'அழிந்துவிட்டது' என்கிற கூப்பாடு போய்விட்டது. தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்கிறது. அப்படி நிற்கிற வாக்கியத்தை யாராலும் தள்ள முடியாது. நான் எழுதிய கவிதையில் ஒன்றுகூட அப்படி நின்றதில்லை.

மாசியில் சென்னைக்குப் போனாள். திரும்பி வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை, நேரே மாடிக்கு வந்தாள். பயணப் பெட்டியோடு.

"மூணு கேள்வியும் வந்துதுக்கா," என்றாள். "வரிசைகூட மாறல."

மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. தலையைத் தொடலாமா என்று நினைத்தேன். என்ன காரணத்துக்காகத் தொடுவது? தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். சில நாளில், சுத்தம் செய்யாமல் கழிவுநீர் விடக்கூடாது என்று ஆலைக்கு உத்தரவு வந்தது. அவள் அப்பா ஒரு கூடைக் கருவாடு கொண்டுவந்து எனக்கென்று வாசலில் வைத்துவிட்டுப் போனார். நான் சைவம். மாசானத்திடம் கொடுத்தேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டும். கடைசித் தாளைக் கொண்டுவந்தாள். கடைசியில் நன்றி எழுதுவார்கள் இல்லையா, அந்தத் தாள். நான் எதையும் மேம்போக்காகப் பார்ப்பவள் இல்லை. அதையும் பார்த்தேன். இயக்குநருக்கு நன்றி, சரி. படகுக்காரர்களுக்கு, ஜீப் ஓட்டுநருக்கு நன்றி, சரி. கடைசியில் ஒரு வாக்கியம் மிகையாக இருந்தது. செல்வி பிரமநாயகி இல்லாமல் இந்தக் கட்டுரை இல்லை என்று. என்னைப் பற்றியதுதான். இருந்தால் என்ன? ஓர் ஆள் இல்லாவிட்டால் ஒரு கட்டுரையே இருக்காது என்பதை எப்படி நிரூபிப்பது? நான் இல்லாவிட்டால் வேறு யாராவது கேட்டிருக்கலாம். அவளே கேட்டுக்கொண்டிருக்கலாம். 'வேறென்ன?' என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயமா?

அவள் படித்தாள். "சரிக்கா" என்றாள். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

மறு வருடம் கட்டுரை அச்சில் வந்தது. அதற்குள் ஜெசிந்தாவுக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. அவள் கிளம்புகிற அன்றைக்குத்தான் பத்திரிகை தபாலில் வந்தது. விஷயம் தெரிந்தால் வியப்பீர்கள். நன்றியில் இயக்குநர் இருந்தார். படகுக்காரர்கள் இருந்தார்கள். ஜீப் ஓட்டுநர் இருந்தார், இனிஷியலோடு. நான் இல்லை.

என் பெயரே இல்லை.

ஒரு வரி எழுதியிருக்கலாம். மிகை இல்லாமல், 'கையெழுத்துப் பிரதியைப் படித்துக் கேள்வி கேட்ட' என்று. உண்மை. யாராலும் மறுக்க முடியாது. அதைக்கூட எழுதவில்லை என்றால் என்ன அர்த்தம்? காரியம் முடிந்தது, ஆள் வேண்டாம் என்று அர்த்தம். நான் நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். அச்சில் இருக்கிறது, ஆதாரம் இருக்கிறது.

ரயில் ராத்திரிக்கு. ஸ்டேஷனுக்கு வருவீர்களா என்று முந்தின நாள் கேட்டிருந்தாள். நான் போகவில்லை. பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். இரண்டு தடவை தட்டினார்கள், கொஞ்சம் நின்றார்கள், மறுபடி தட்டினார்கள். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பேன். பையில் சீசா குலுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் சத்தம் ஆதாரமாகாதே. அவளே சொன்னதுதான்.

காலையில் பார்த்தால் வாசல்படி ஓரத்தில் ஒரு பென்சிலின் சீசா. உள்ளே கல். அவள் கோட்டுப் பை ஓட்டை. குனியும்போது விழுந்திருக்கும். எடுத்து அலமாரியில் வைத்தேன். இருக்கிறது. தூசி தட்டும்போது குலுங்கும்.

சொல்லிக்கொள்ளாமலே போனாள் பாருங்கள்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும் அனுப்புவாள். முதல் வருடம் வாழ்த்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: 'அக்கா, உங்களை நினைக்காத நாளே இல்லை.' சிரிப்பு வந்தது. இத்தனை படித்தவள், 'நாளே இல்லை' என்று எழுதலாமா? அந்த அட்டையிலேயே சிவப்புப் பென்சிலால் 'எல்லா நாளையும் எண்ணினாயா?' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். வேடிக்கைக்குத்தான். எங்களுக்குள் அது வேடிக்கை. அடுத்த வருடத்திலிருந்து அட்டையில் வெறும் கையெழுத்து. ஒரு வரி கிடையாது. அதுவும் வருடம் தவறாமல். வெறும் கையெழுத்தை அனுப்ப ஒருத்தி எதற்குத் தபால்தலை ஒட்ட வேண்டும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. கடமை என்று வைத்துக்கொண்டேன். நான் பதில் போடவில்லை. பதில் போட அதில் வாக்கியம் எதுவும் இல்லையே.

அந்த அட்டைகளைத் தூக்கிப் போடவில்லை. தூக்கிப் போடக் காரணம் தோன்றவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு அட்டை வரவில்லை. புத்தாண்டு வரை பார்த்தேன். பொங்கல் வரை பார்த்தேன். எனக்குத் தெரிந்த முறைப்படி உட்கார்ந்து யோசித்தேன். வரவில்லை, ஏன்? தபாலில் தொலைந்திருக்கலாம். வயதாகி மறந்திருக்கலாம். கடைசியில் சலித்துப்போய் விட்டிருக்கலாம். மூன்றாவதுதான் என்று முடிவு செய்தேன். வேறென்ன என்று கேட்டேனா? கேட்டேன். கேட்டுவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

தை கடைசியில் ஒரு பெண் போன் செய்தாள். தெலுங்கு கலந்த தமிழ். ஓய்வூதியர் சங்கத்தில் என் எண்ணை வாங்கினாளாம். ஜெசிந்தாவிடம் படித்தவள். "நீங்க நிஜமாவே இருக்கீங்களா?" என்று கேட்டாள். என்ன கேள்வி இது என்றேன். "எங்க மேடம் யார் கட்டுரையைப் பார்த்தாலும், பென்சிலைக் கீழ வச்சிட்டு, 'இதுக்குப் பிரமுக்கா என்ன கேப்பாங்க?'ன்னு கேப்பாங்க. நாங்க பதில் சொல்லணும். முப்பது வருஷமா அங்க எல்லாருக்கும் அதான் பாடம். நீங்க அவங்களா உண்டாக்கின ஆளுன்னு நினைச்சிட்டிருந்தோம்" என்றாள்.

என் பெயரைச் சொல்லி ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பயமுறுத்தியிருக்கிறாள். நன்றியில் போடத்தான் மனம் வரவில்லை.

அந்தப் பெண்தான் ஒரு பக்கம் கேட்டாள். மேடத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள் என்றாள். தெரிந்தது. அந்தச் சொல்தான் சங்கடம். 'ஜெசிந்தா நன்றி மறந்தவள்' என்று ஒரு நாள் எழுதினேன். மூன்று கேள்வி கேட்டேன். இரண்டாவது கேள்விக்கே நிற்கவில்லை, நான் ஓர் இடத்தில்தானே பார்த்தேன். அடித்தேன். 'ஜெசிந்தா என்னிடம் அன்பாக இருந்தாள்' என்று இன்னொரு நாள் எழுதினேன். அதற்கும் என்ன ஆதாரம், சொல்லுங்கள்? ஒரு சீசா. கொஞ்சம் கையெழுத்து. ஒரு நாள் சாயங்காலம் கேட்ட சத்தம். அதையும் அடித்தேன். கண் சரியானால் இன்னும் நன்றாகப் பார்த்து எழுதலாம் என்றுதான் இங்கே வந்தேன்.

அது உங்கள் மகள்தானே வருகிறது? காபி வாசம் வருகிறது. வாசமும் ஆதாரமில்லைதான், போகட்டும்.

சிஸ்டர் மறுபடி வருகிறாள். கூட யார் என்று கேட்பாள். உங்கள் மகளுக்குச் சிரமம் இல்லையென்றால் ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஏன் என்று அவள் கேட்டால், ஒரு வயதானவளுக்காக என்று சொல்லுங்கள். நான் எதுவும் கேட்க மாட்டேன்.

ஒரு வாக்கியம் மட்டும் தாளில் மிஞ்சியிருக்கிறது. அதன் ஓரத்தில் எழுத எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஜெசிந்தா மச்சாடோ போன ஐப்பசியில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு மாதம் முன்னால், விசாகப்பட்டினத்தில் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனாள். சொந்த ஊருக்குக் கொண்டுவந்து மாதா கோயில் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். என் வீட்டிலிருந்து அங்கே போக ஒரே பஸ்தான், மாறக்கூட வேண்டாம்.